எறிகட்டையில் ஒரு பென்சில் கோடு

பீரோவின் மேல், சுவரை ஒட்டி, ஒரு பழைய தலையணை உறைக்குள் அது இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு மரத்துண்டு, அவ்வளவுதான். ஒரு முனையில் சின்னக் கைக்கு வாகாக இழைத்த பிடி. அங்கிருந்து மெலிந்துகொண்டே போய், குறுக்காகப் போட்ட ஒரு பென்சில் கோட்டில் அந்த இழைப்பு நின்றுவிடும். கோட்டுக்கு அப்பால் நாலு விரற்கடை நீளத்துக்கு மரம் இன்னும் சதுரமாக, ரம்பம் போன சொரசொரப்போடு, தடியாகவே இருந்தது.

அந்தக் கோட்டை இழுத்தவர் ஒரு தச்சர். மூலைமட்டத்தை வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரே இழுப்பில் இழுத்திருந்தார். மறுநாள் பட்டறையில் ஒரு கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று சொல்லி மரத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவன் மிச்சத் திருகுகளை முடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் என்றார் மருத்துவர்.

பட்டறையில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்காமல் உட்கார மாட்டார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன இடத்தில், செத்தவரின் படத்தை நேராக்கிவிட்டு, ரெண்டடி பின்னால் வந்து பார்த்து, இன்னும் ஒரு நூல் இடது பக்கம் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் துக்கம் கேட்டார். இப்போது அவர் படமே கூடத்துச் சுவரில் தொங்கியது. தெருவில் லாரி போகும்போதெல்லாம் அது கொஞ்சம் சாயும். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் அவருடைய தம்பி முதல் வேலையாக அதை நேராக்குவான்.

தம்பிக்கு வேலை கண்ணாடிக் கடையில். அளவுக்குக் கண்ணாடி வெட்டித் தருவது, சட்டத்தில் பொருத்துவது. ரெண்டு கையிலும் எப்போதும் ஏதாவது ஒரு கீறல் இருக்கும் என்பதால் கடையில் அவன் பெயரே கீறல் ஆகிவிட்டது. அண்ணன் படத்துக்குக் கண்ணாடி வெட்டியதும் அவன்தான். அன்றைக்கு மட்டும் கையில் கீறல் படவில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

தச்சரின் மகளுக்கு ஒன்பது வயது. தன்னைவிடப் பெரியதாக எதைப் பார்த்தாலும் தூக்கிக்கொண்டு நடப்பாள். நடக்கப் பழகிய வயதிலேயே அப்பாவின் மூலைமட்டத்தை இழுத்துக்கொண்டு போனவள். அதனால் எறும்பு.

அந்த மரத்துண்டின் கதை ஒரு விடுமுறை நாளில், மியூசியத்தில் தொடங்கியது. அப்பாவும் மகளும் போயிருந்தார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், ஏதோ ஒரு மிருகத்தின் கொம்பில் செதுக்கிய ஒரு கோல். முனையில் சின்னதாக ஒரு கொக்கி. முதுகு சொறியும் குச்சி என்றுதான் எறும்பு நினைத்தாள். ஈட்டி எறிய உதவும் கோல் என்று கீழே எழுதியிருந்ததை அப்பா படித்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் இருந்து நீளக் காம்பு மரக்கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, அவள் கையைத் தொட்டு, "இங்க பாரு" என்றார்.

"இது என்ன? கை. உன் கை எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம்தான் உன்னால குடுக்க முடியும். இப்ப கையோட நுனியில இன்னொரு கை முளைச்சிருக்குன்னு வச்சுக்கோ. ஈட்டியோட வால் இந்தக் கொக்கியில உக்காந்துக்கும். நீ வீசுறப்ப மொத உன் கை தள்ளும், அப்புறம் இந்தக் கை தள்ளும். ரெண்டு பேர் சேர்ந்து எறியற மாதிரி."

"எவ்ளோ தூரம் போகும்?"

"ரயில் ரோட்டுப் பக்கத்து மைதானத்துல விளக்குக் கம்பம் இருக்கில்ல? மொதக் கம்பத்துல நின்னு எறிஞ்சா மூணாவது கம்பத்துக்குப் போகும்."

"பொய்யி."

"போகலைன்னா எம் பேர மாத்திக்கறேன். நீ மொதக் கம்பத்துல நில்லு. நான் மூணாவது கம்பத்துல நின்னு பொறுக்கித் தரேன்."

அந்த மரக்கரண்டியை அன்றைக்கு முழுக்கத் தேடிய அவர் மனைவி, அது மொட்டைமாடியில் ஒரு துடைப்பக் குச்சியோடு கிடந்ததைக் கண்டுபிடித்தாள். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே வயசு, எனக்குத்தான் கணக்குத் தப்பிப்போச்சு" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் எறும்பின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளவெடுத்து, வளரும் பிள்ளை என்று கொஞ்சம் கூட்டி வைத்து, அவர் கோடு போட்டார். எறிகட்டை என்று அதற்குப் பெயர் வைத்தவள் எறும்பு.

அண்ணன் போன பிறகு, கட்டையைப் பற்றிக் கீறல் முதல்முறை கேட்டபோது, அண்ணி பழைய கால்சட்டை ஒன்றின் இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் துணி திருத்தும் கடையில் தையல் வேலை செய்கிறவள். முடியாததை வீட்டுக்குக் கொண்டுவருவாள். வாயில் ஊசி இருந்தது.

"அண்ணி, அந்தக் கட்டைய நான் முடிச்சுக் குடுக்கட்டுமா? பிள்ள கேட்டுட்டே இருக்கா."

அவள் ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "வேணாம் தம்பி."

"பெரிய வேல இல்ல. அண்ணன் முக்காவாசி முடிச்சுட்டாரு."

"அந்தக் காவாசிதான் எனக்கு வேணும்."

அவனுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "அவர் சட்டை எல்லாம் இருக்கு. அதெல்லாம் கடையில வாங்குனது. கட்டிலு, அலமாரி எல்லாம் இருக்கு. அதெல்லாம் முடிஞ்சுபோனது. இது ஒண்ணுதான் பாதியில நிக்குது. அதப் பாத்தா ஏதோ தண்ணி குடிக்கப் போயிருக்கார், வந்து எடுத்துக்குவார்னு இருக்கு. நீங்க இழைச்சா அந்தப் பென்சில் போயிடும். போகும்ல?"

"போகும்."

"அப்ப வேணாம்."

"அதுக்கு ஈட்டி செய்யலாமா?" என்றாள் கதவோரத்தில் இருந்து எறும்பு.

அண்ணி யோசித்தாள். "ஈட்டி செஞ்சுக்கோ. அதத் தொடாத."

ஆகவே எறிகட்டை இல்லாமலே ஈட்டிகள் செய்யப்பட்டன. நாற்றங்கால் கடையில் கொடிகளுக்கு ஊன்ற விற்கும் மூங்கில் குச்சிகளை ஒரு கட்டு வாங்கி வந்தான் கீறல். நல்லதாக, கெட்டியாக, வளையாததாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தான். எறும்பு ஒன்றைக் கையில் வாங்கி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையை அழுத்திப் பார்த்தாள்.

"இது ஆகாது சித்தப்பா."

"ஏன், கிண்ணுனு இருக்கே?"

"கிண்ணுனு இருந்தா ஆகாது. வளையணும். பின்னாடி இருந்து தள்ளுறப்ப நெளிஞ்சு போகணும், மீன் மாதிரி. வளையலைன்னா கொக்கியில இருந்து துள்ளிக் கீழ விழுந்துரும். அப்பா சொன்னாரு."

"எங்க கடையில வளைஞ்சா ஒடையும்" என்றான் கீறல்.

மறுபடி கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருந்த மெல்லிய குச்சிகளை எறும்பு ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து எடுத்தாள். "கொடி வெக்கிறீங்களா, குடிசை கட்டறீங்களா?" என்று கேட்டார் அவர். "யானை வேட்டைக்கு" என்றாள் எறும்பு. கணுக்களை உரைத்தாளால் தேய்த்தார்கள். கோணலாக இருந்தவற்றை அடுப்புச் சூட்டில் காட்டி, முழங்காலில் வைத்து நிமிர்த்தினார்கள். நுனிக்கு, நாற்காலிக் காலில் மாட்டும் ரப்பர் மூடி. யார்மேல் பட்டாலும் வீங்கலாமே தவிரக் குத்தாது. முன்பக்கம் கனம் வேண்டும் என்பதற்காக ரப்பருக்குள் ஒரு திருகாணியைப் போட்டு அடைத்தார்கள். வாலில், கொக்கி உட்கார, காய்ச்சிய ஆணியால் ஒரு குழி.

வாலில் கட்டும் இறகுதான் பெரிய பாடாக இருந்தது. ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் அடியில் புறாக்கள் உண்டு. அங்கே குனிந்து குனிந்து பொறுக்கிய அவர்களைப் பார்த்து ஒரு பயணி, என்ன தொலைந்தது என்று கேட்டுத் தானும் கொஞ்ச நேரம் தேடினார். இறகைக் கீறி, கண்ணாடி ஒட்டும் பசையால் ஒட்டியது காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கீறல் வந்தபோது மேசைமேல் ஒரு நூல்கண்டு இருந்தது. தோல் தைக்கும் மெழுகு நூல். யார் வைத்தது என்று அவன் கேட்கவில்லை. அண்ணி உள்ளே தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நூலால் சுற்றிய இறகு அசையவே இல்லை.

கையால் எறிந்து பார்த்தார்கள். துண்டுத்துணி அடைத்த சாக்கு ஒன்றுதான் குறி. ஈட்டி கொஞ்ச தூரம் போய், வெட்கப்பட்டதுபோல் குனிந்து தரையைப் பார்த்தது. எறும்பு அதை எடுத்து வந்து, "இது எறிகட்டைக்காகச் செஞ்சது. கைக்காகச் செஞ்சதில்ல" என்றாள். ஈட்டியின் மேல் அவளுக்கு வருத்தம் இல்லை.

ஒவ்வொரு ஞாயிறும் இன்னொன்றும் நடந்தது. அண்ணி கடைக்கோ மாடிக்கோ போன நேரத்தில், எறும்பு நாற்காலி போட்டு ஏறி, தலையணை உறையைப் பிரித்து, எறிகட்டையை எடுத்துத் தன் கையோடு ஒட்டி வைத்துப் பார்ப்பாள். பிடியை விரல் நுனிக்கு நேராக வைத்தால் கோடு முழங்கையைத் தாண்டி இருக்கும். ஆரம்பத்தில் ஒரு விரல் தாண்டி இருந்தது. பிறகு அரை விரல். ஒருநாள் கீறல் பார்த்தபோது கோடும் முழங்கை எலும்பும் நேருக்கு நேராக இருந்தன.

"சித்தப்பா, நான் கோட்டத் தாண்டப்போறேன்."

"வளர்றது நல்லதுதானே?"

"தாண்டிட்டா இது எனக்குச் செஞ்சது இல்ல. வேற யாரோ சின்னப் பிள்ளைக்குச் செஞ்சதாயிடும்."

அவன் அன்றைக்கு இரண்டாவது முறை கேட்டான். அண்ணி அப்போது எறும்பின் பள்ளிக்கூடப் பாவாடையின் கீழ் மடிப்பைப் பிரித்து நீளம் விட்டுக்கொண்டிருந்தாள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் நிறம் மாறாத ஒரு பட்டை தெரிந்தது.

"அண்ணி, பிள்ள வளர்றா."

"தெரியுது. நான்தானே பிரிக்கிறேன்."

"இன்னும் கொஞ்ச நாள் போனா அது அவளுக்கு ஆகாது."

"ஆகலைன்னா பரவால்ல. அது இருக்கட்டும். தம்பி, கெஞ்சிக் கேக்கறேன், அதோட விட்டுருங்க."

அவன் விட்டிருக்க வேண்டும். ஆனால் அவன் கண்ணில் அந்த முழங்கைதான் நின்றது. அண்ணிக்கு வேண்டியது நின்றுபோன ஒரு நாள். பிள்ளைக்கு வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கை. இரண்டும் நியாயம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அதில் ஒன்றுதான் காத்திருக்கும் என்று கணக்குப் போட்டான். முடித்து, ஈட்டி பறந்து, பிள்ளை சிரிப்பதைப் பார்த்துவிட்டால் அண்ணி மன்னித்துவிடுவாள் என்று நம்பினான்.

பள்ளி விடுமுறையில் ஒரு காலை, எறும்பு கடைக்கு வந்தாள். புத்தகப் பையில் இருந்து எறிகட்டையின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் சொல்லித்தான் எடுத்து வந்திருந்தாள்.

கண்ணாடிக் கடையில் வெட்டும் மேசை என்பது ஒரு பெரிய பலகை, அதன்மேல் பழைய கம்பளம். அதில் கண்ணாடியைக் கிடத்தி, கோல் வைத்து, சின்னச் சக்கரம் உள்ள வெட்டுளியை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு இழுப்பார்கள். ஒரு மெல்லிய கோடு விழும். கோட்டின் கீழே லேசாகத் தட்டி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் 'டிக்'. கோடு எங்கேயோ அங்கேயே பிரியும். ஒரு தூசி அளவு கூடக் குறையாது. இரண்டையும் திரும்பச் சேர்த்து வைத்தால் பழைய அளவு வரும். கீறலுக்கு இருபது வருடமாகத் தெரிந்த கோடு அது. கோடு போட்டால் வெட்டு என்று அர்த்தம்.

பக்கத்துக் கடையில் கைரம்பம் இரவல் வாங்கியிருந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் அண்ணன் அழகாக இழைத்திருந்தார். அந்தப் பக்கம் தொடாத கட்டை. வெட்டிப்போட மறந்த மிச்சம் என்றே அவனுக்குப் பட்டது. அதை எடுத்துவிட்டு, முனையில் ஒரு கம்பி வளைத்துச் செருகினால் கொக்கி.

"நேரா வெட்டு சித்தப்பா."

"நான் வெட்டி எது கோணலாச்சு, சொல்லு?"

கோட்டின் மேலேயே ரம்பத்தை வைத்து, நூல் பிசகாமல் அறுத்தான். கட்டை கம்பளத்தில் விழுந்தது. சத்தமே வரவில்லை. முதலாளி உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "டேய் கீறல், கண்ணாடிக் கடையில மரத்தூள் எதுக்குடா? ஒரு தூசி கண்ணாடிக்கு அடியில மாட்டுச்சுன்னா கீறல் விழும். இங்க ஏற்கெனவே ஒரு கீறல் போதாதா?" அவன் சிரித்துக்கொண்டே தூளைத் தூரிகையால் கூட்டி, உடைந்த கண்ணாடிகள் போடும் இரும்புப் பீப்பாயில் தட்டினான்.

எறும்பு கையில் எறிகட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முனை அவள் சுண்டுவிரல் கனம்தான் இருந்தது.

"கொக்கி எதுல வரும்?"

"கம்பியில."

"கம்பியா? அப்பா மரத்துலயேதானே செதுக்கறேன்னாரு. கட்டையும் கொக்கியும் ஒரே மரமா. அதுக்குத்தான் அந்தப் பக்கம் தடியா..." சொல்லிக்கொண்டே வந்தவள் கம்பளத்தில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

துளை போட்டுக் கம்பி செருகிப் பார்த்தான். மெல்லிய முனை நாரோடு பிளக்கத் தொடங்கியது. உடனே நிறுத்தினான்.

"உனக்குத் தெரிஞ்சிருந்தா ஏன்டா கண்ணு முன்னாடியே சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன் சித்தப்பா" என்றாள் எறும்பு. "நீ அப்பாவோட தம்பிதானே."

வீட்டுக்கு இரண்டு பேரும் நடந்தே போனார்கள். மறைத்து வைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பீரோ மேல் என்ன இருக்கிறது என்று தினமும் பார்க்கிறவளிடம் எதை மறைப்பது? அண்ணி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, மேசைமேல் தலையணை உறையை விரித்து இரண்டு துண்டுகளையும் வைத்துவிட்டு, கை கட்டி நின்றான்.

"நான்தாம்மா எடுத்துக் குடுத்தேன்" என்றாள் எறும்பு.

"நீ போய் கை கால் கழுவு."

அண்ணி திட்டவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். துண்டைக் கையில் எடுத்து நாலு பக்கமும் திருப்பினாள்.

"பெருக்கல் எங்க இருந்துச்சு?"

"என்ன பெருக்கல் அண்ணி?"

"வெட்டிப்போட வேண்டிய பக்கத்துல அவர் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி இல்லாத கோடு வெட்டற கோடு இல்ல. சும்மா, இங்க இருந்து வேலை மாறுதுன்னு அர்த்தம்." எழுந்து போய்ச் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். தட்டின் அடியில், மறைவாக, ஒரு மங்கிய பெருக்கல் குறி. அளவு மாறியதால் அறுபடாமல் தப்பிய குறி. "இந்த வீட்டுல எங்க பாத்தாலும் இருக்கும். என் கடையிலகூட நான் வெட்டற துணிக்கு அப்படித்தான் சாக்பீஸ்ல போடறேன். அவர்கிட்ட கத்துக்கிட்டது. என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

"கேட்டேன் அண்ணி. நீங்க வேணாம்னீங்க."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கு உறைத்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு துண்டுகளையும் முனையோடு முனை சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். ஊசியில் நூல் கோர்க்கிறவளின் கண்.

"கோடு எங்க தம்பி?"

அவன் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. குனிந்து பார்த்தான். இந்தத் துண்டிலும் இல்லை, அந்தத் துண்டிலும் இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் மரத்தின் ரேகைகூட ஒன்றோடொன்று பொருந்தாமல் லேசாகத் தப்பியிருந்தது.

"ரம்பம்..." என்றான். "ரம்பத்துக்குக் கனம் உண்டு. கோடு இருந்த இடத்த அது தின்னுருச்சு அண்ணி. கண்ணாடியில அப்படி ஆகாது. எனக்கு..."

"அந்தத் தூளு?"

"பெருக்கிட்டேன்."

"எங்க?"

"கண்ணாடிச் சில்லு போடற பீப்பாயில."

அவள் தலையசைத்தாள், ஏதோ முகவரி கேட்டுத் தெரிந்துகொண்டதைப் போல. துண்டுகளை உறைக்குள் வைத்துச் சுற்றினாள். பீரோ மேல் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே லாரி ஒன்று போனது. சுவரில் படம் சாய்ந்தது. கீறல் அதைப் பார்த்தான். நேராக்கக் கை போகவில்லை. அப்படியே படியிறங்கிப் போனான்.

அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகள் அவன் வரவில்லை. கடையில் வேலை என்று சொல்லி அனுப்பினான். கடையில் அவன் இரண்டு கண்ணாடிகளை அளவு தப்பி வெட்டினான். இருபது வருடத்தில் இல்லாதது. முதலாளி அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் புதுக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். சில்லு ஏற்றும் லாரி வந்து பீப்பாயைக் கவிழ்த்துக் கொண்டு போனது. அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை.

ஒரு மதியம் அண்ணியே கடைக்கு வந்தாள். அவள் அந்தக் கடைக்குள் வருவது அதுதான் முதல்முறை. கூடவே எறும்பு, தோளில் ஈட்டிக் கட்டோடு. ஈட்டிகள் இடிக்காமல் நிலைப்படியில் குனிந்து வந்தாள். அண்ணி கைப்பையைத் திறந்து இரண்டு துண்டுகளையும் கம்பளத்தின்மேல் வைத்தாள். பக்கத்தில் மெழுகு நூல்கண்டு.

"முடிங்க தம்பி."

"அண்ணி..."

"பாக்கறதுக்குத்தான் வச்சிருந்தேன். இப்ப பாக்க என்ன இருக்கு? அவளுக்காவது ஆகட்டும்." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "ரெண்டும் பத்திரமா இருந்தாப் போதும்னு நெனச்சேன். கோடும் பிள்ளையும். கோடு போச்சு. இவ எங்கிட்டப் பேசறதே இல்ல. கேட்டா 'ம்'முங்கறா. இதையும் விட்டுட்டு நான் என்ன பண்ண?"

எறும்பு ஈட்டிகளை எண்ணுவதுபோல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டிய துண்டில்தான் கொக்கி வரவேண்டும். வேறு மரம் வேண்டாம் என்று மூன்று பேரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. கண்ணாடி விளிம்பின் கூர் மழுக்கும் பட்டை இயந்திரத்தில் வைத்து, கீறல் அந்தத் துண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தான். ஒரு பக்கம் சரிவு. மறுபக்கம் பறவை மூக்குபோல் ஒரு சின்ன நுனி. எறிகட்டையின் முனையையும் அதே சரிவுக்குத் தேய்த்தான். ஒரு வெள்ளைத்தாளை இயந்திரத்தின் அடியில் விரித்திருந்தான். விழுந்த தூள் எல்லாம் அதில் சேர்ந்தது. தூள் பறக்காமல் இருக்க முதலாளி மின்விசிறியை நிறுத்தினார்.

சரிவின்மேல் சரிவை வைத்து ஒட்டிப் பிடித்துக்கொண்டான். அண்ணி முக்காலியில் உட்கார்ந்து நூலைச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றையும் நகத்தால் நெருக்கி, முந்தைய சுற்றோடு ஒட்டவைத்து, பல்லால் இழுத்து இறுக்கினாள். அவன் விரல்களின் மேலேயும் ரெண்டு சுற்று விழுந்தது.

"கைய எடுங்க. உங்களையும் சேத்துக் கட்டிருவேன்."

அவள் அப்படிப் பேசி வெகுநாள் ஆகியிருந்தது. எறும்பு நிமிர்ந்து பார்த்தாள்.

கொக்கி, கோடு இருந்த இடத்துக்கு ரெண்டு விரற்கடை தள்ளி வந்திருந்தது. எறும்பு பிடியை விரல் நுனியில் வைத்து, கையோடு ஒட்டிப் பார்த்தாள். முழங்கையைத் தாண்டி இருந்தது. வளர இன்னும் இடம் இருந்தது. தாளில் சேர்ந்த தூளை அண்ணி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மாலை வெயில் இருக்கும்போதே மைதானத்துக்குப் போனார்கள். ரயில் பாதையின் வேலியை ஒட்டி விளக்குக் கம்பங்கள் வரிசையாக நின்றன. முதல் கம்பத்தில் எறும்பு நின்றாள். ஈட்டியின் வாலைக் கொக்கியில் உட்காரவைத்து, தண்டை விரல்களால் பிடித்து, கையைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். முதல் ஈட்டி காலடியில் விழுந்தது. இரண்டாவது வானத்துக்குப் போய் முதுகுப் பக்கம் வந்தது. கீறல் குனிந்து தப்பித்தான். "யானை தப்பிச்சுது, சித்தப்பா மாட்டிக்கிட்டாரு" என்றாள் அண்ணி. மூன்றாவது நெளிந்துகொண்டே போனது, மீன் மாதிரி. இரண்டாவது கம்பத்தைத் தொட்டு விழுந்தது.

எறும்பு நாலாவது ஈட்டியைக் கொக்கியில் வைத்தாள். எறியவில்லை.

"என்ன?" என்றான் கீறல்.

"மூணாவது கம்பத்துல ஆள் நிக்கணும்."

"போகட்டும், அப்புறம் நான் ஓடிப்போய் எடுத்து வரேன்."

"அப்புறம் இல்ல. மொதல்லயே நிக்கணும். நின்னாத்தான் எறிவேன்."

கீறல் கிளம்பினான். அண்ணி அவன் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு நடந்தாள். இரண்டாவது கம்பத்தைத் தாண்டினாள். போகப் போகச் சின்னதானாள். மூன்றாவது கம்பத்தில் போய்த் திரும்பி நின்று, கையை உயர்த்தினாள்.

எறும்பு எறிந்தாள். கை முடிந்த இடத்தில் இன்னொரு கை எழும்பியதைக் கீறல் பக்கத்தில் நின்று பார்த்தான். ஈட்டி மேலே ஏறி, ஒரு கணம் வெயிலில் நின்று, இறங்கியது. மூன்றாவது கம்பத்தைத் தாண்டி, அண்ணியின் தலைக்கு மேலாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

எறும்பு குதிக்கவில்லை. கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

அண்ணி நடந்துபோய் ஈட்டியை எடுத்தாள். எடுத்தவள் திரும்பவில்லை. அவர்களுக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பார்த்து நின்றாள். ஒரு ரயில் வந்து, எல்லாப் பெட்டிகளும் போய், சத்தம் அடங்கியது. அப்போதும் திரும்பவில்லை.

"அம்மா ஏன் சித்தப்பா வரமாட்டேங்கறா?"

"ஈட்டியத் தேடறா."

"கையிலதான் இருக்கே."

எறும்பு மிச்ச ஈட்டிகளைப் பொறுக்கித் தோளில் வைத்துக்கொண்டு, அம்மாவின் செருப்பையும் எடுத்துக்கொண்டு, மூன்றாவது கம்பத்தை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.